இழுபட்ட தசை எழுப்பும் மின்சாரம்

புதுச்சேரி மருத்துவப் பள்ளி எந்த ஆண்டில் பிறந்தது என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். அதன் வாரிசான ஜிப்மர் தன் வரலாற்றை 1823இலிருந்து எழுதிக்கொள்கிறது. அரசாணையோடு முறையான பள்ளியாக அது வடிவம் பெற்றது 1863இல். எதைக் கணக்கில் கொண்டாலும், மருத்துவம் கையையும் காதையும் நம்பியிருந்த காலத்துப் பள்ளி அது. நகரம் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சாருக்குத் திரும்பிய 1816ஆம் ஆண்டில்தான், பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் லாயென்னெக் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். 1819இல் அவருடைய நூல் வந்தது. மார்பை விரலால் தட்டி ஒலியைக் கொண்டு நோயை அறியும் முறையை அதற்கும் முன்னால், 1761இல், ஆவன்புருக்கர் எழுதியிருந்தார் (புதுச்சேரியை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய ஆண்டும் அதுதான்). வியன்னாவில் சீந்துவாரின்றிக் கிடந்த அந்தச் சிறுநூலை 1808இல் பிரெஞ்சில் பெயர்த்து உயிர் கொடுத்தவர் நெப்போலியனின் மருத்துவரான கொர்விசார். தட்டுவது, தொடுவது, கேட்பது: அன்றைய பாரிஸ் மருத்துவத்தின் அடித்தளம் இவ்வளவுதான். புதுச்சேரியில் படித்து ‘உள்ளூர் மருத்துவர்’ என்ற தகுதியோடு வெளிவந்தவர்கள் அந்த மரபின் கிளையில் நின்றவர்கள்.

இந்த மரபைப் பழங்கதையாகத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதயத்தின் வரலாற்றிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மின்சாரம் ஆணையிடுகிறது, தசை சுருங்குகிறது என்று பாடநூல் சொல்கிறது. அது பாதி உண்மை. தசையை இழுத்தாலும் தட்டினாலும் அந்தத் தசையே மின்சாரத்தை எழுப்பும். சில நேரம் அதனால் துடிப்பு பிறக்கும், சில நேரம் துடிப்பு குலைந்து உயிர் போகும். இந்த மறுபாதியைக் கையும் காதும் முதலில் கண்டன. மின்கருவி வந்தபின் அது ஓரங்கட்டப்பட்டது. திரும்ப நினைவுபடுத்திய சாட்சிகளில் ஒன்று, தென்னிந்திய ஏழைகளை விட்டு இன்னும் போகாத ஒரு நோய். என் வாதம் இதுதான்.

கையின் சாட்சி மிகப் பழையது. வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் ஒரு புறாவைப் பற்றி எழுதுகிறார். அதன் இதயம் துடிப்பை நிறுத்திவிட்டது. எச்சிலில் நனைந்த, வெதுவெதுப்பான விரலை அவர் அதன்மேல் சிறிது நேரம் வைத்திருக்க, இதயம் மறுபடி துடித்தது. விரலின் சூடா, ஈரமா, தொடுகையா என்று பிரித்தறிய அன்று வழியில்லை. ஆனாலும் வெளியிலிருந்து வரும் தூண்டலுக்கு இதயம் பதில் சொல்லும் என்பது அந்த நூலில் பதிவாகிவிட்டது. காதின் சாட்சி பிரெஞ்சுக்காரர்களுடையது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மிட்ரல் வால்வு சுருங்கிப்போன இதயத்தை வியூசன்ஸ் 1715இல் விவரித்தார். 1749இல் செனாக், அடங்காத, ஒழுங்கற்ற படபடப்பையும் அந்த வால்வின் கோளாற்றையும் சேர்த்துப் பேசினார். புதுச்சேரியில் டூப்ளே ஆளுநராக இருந்து, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. சுருங்கிய வால்வு உள்ள மார்பில் கை வைத்தால் உணரும் அதிர்வைக் கொர்விசார் குறித்தார். பூனையின் உறுமலைப் போன்றது என்று லாயென்னெக் அதற்குப் பெயரிட்டார். மூட்டுகளைப் பிடித்து வீங்கவைக்கும் காய்ச்சலே பின்னாளில் வால்வைக் கெடுக்கிறது என்று 1830களில் அடித்துச் சொன்னவர் பூயியோ. ஆக, புதுச்சேரிப் பள்ளி முறையாக அமைவதற்குள், வால்வு சுருங்கினால் அதன் பின்னாலுள்ள அறை புடைக்கும், புடைத்த இதயத்தின் துடிப்பு தாளம் தப்பும் என்ற இணைப்பு பிரெஞ்சு மருத்துவத்தில் கையிருப்பாக இருந்தது. ஏன் தப்புகிறது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்த ‘ஏன்’ கிடைக்கவேண்டிய இடத்தில் மின்சாரம் வந்து கதையைத் திருப்பியது. துடிக்கும் தவளை இதயத்தின்மேல் ஒரு நரம்பு–தசைத் துண்டைப் போட்டால், ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தத் தசையும் துள்ளுவதை 1856இல் கோலிக்கரும் முல்லரும் காட்டினார்கள். 1876இல் மாரே அந்த மின்னோட்டத்தைப் பதிவு செய்தார். 1887இல் லண்டனில் வாலர் மனித இதயத்தின் மின்வரைவை எடுத்தார். ஐன்தோவன் அதைத் துல்லியமாக்கி 1924இல் நோபல் பரிசு பெற்றார். மேலறைகள் கண்டபடி உதறும் நிலை என்று இன்று நாம் அறிவதை 1909இல் தாமஸ் லூயிஸ் ஈ.சி.ஜி. தாளில் காட்டினார். இவை எல்லாம் மகத்தான வேலை. ஆனால் கருவி எதைக் காட்டுகிறதோ அதுவே நோயின் காரணம் என்று எண்ணும் பழக்கம் அதோடு சேர்ந்து வந்தது. தாளில் மின்கோடு தெரிந்தது. அறை எவ்வளவு புடைத்திருக்கிறது, தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது அந்தத் தாளில் நேராகத் தெரியவில்லை. இடையிடையே சில குரல்கள் எழுந்தன. இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் கூட்டினால் துடிப்பு வேகமாகிறது என்று 1915இல் பெயின்பிரிட்ஜ் கண்டார். அது நரம்பின் வேலை என்று அவரே விளக்கமும் தந்ததால் கதவு சாத்தப்பட்டது. நின்றுபோன கீழறைகளை மார்பில் குத்தித் துடிக்கவைக்கலாம் என்று 1920இல் ஜெர்மனியில் ஷாட் எழுதினார். அது அவசரகாலத்துக் கைமருந்தாக எண்ணப்பட்டதே தவிர, தசையின் இயல்பைப் பற்றிய செய்தியாக யாரும் அதைப் படிக்கவில்லை.

நரம்பின் வேலைதானே என்ற இந்த மறுப்பை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது தீராமல் மேலே போனால் வாதம் நிற்காது. உடலில் இருக்கும் இதயத்துக்கு நரம்புகள் உண்டு. இழுவையை உணர்ந்து மூளைக்குச் சொல்லி, திரும்ப ஆணை பெறும் வழியும் உண்மையில் உண்டு. பெயின்பிரிட்ஜ் கண்டதில் பெரும்பங்கு அதனால்தான். ஆனால் உடலிலிருந்து பிரித்தெடுத்த விலங்கு இதயத்தில் வலது மேலறை அழுத்தத்தைக் கூட்டியபோதும் துடிப்பு வேகமாவதை 1956இல் பிளிங்க்ஸ் காட்டினார். அங்கே மூளைக்குப் போய்த் திரும்ப வழியே இல்லை. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் இதயத் துடிப்பும் மூச்சோடு சேர்ந்து சிறிதளவு ஏறி இறங்குவதை 1980களின் இறுதியில் பெர்னார்டியும் சகாக்களும் அளந்தார்கள். பொருத்தும்போது நரம்புகள் அறுபட்டுவிட்ட இதயம் அது. மூச்சிழுக்கும்போது கூடுதலாகத் திரும்பும் இரத்தம் மேலறைச் சுவரை இழுக்கிறது என்பதே அதற்குப் பொருந்தும் விளக்கம். 1988இல் அமெரிக்காவில், நோயாளிகளின் சுருங்கிய நுரையீரல் வால்வைப் பலூனால் விரிக்கும்போது, பலூன் வழியை அடைக்கும் அந்தச் சில நொடிகளில் வலது கீழறைத் தசையின் மின்துடிப்பு உடனே மாறுவதை லெவினும் சகாக்களும் பதிவு செய்தார்கள். சுருக்கத்திலிருந்து மின்சாரத்துக்குப் போகும் இந்தத் திரும்புவழிக்கு மேக்ஸ் லேப் ஏற்கெனவே 1982இல் பெயரும் வைத்திருந்தார். நரம்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நரம்பு இல்லாவிட்டாலும் தசை பதில் சொல்கிறது என்பதுதான் செய்தி.

தசை எப்படிப் பதில் சொல்கிறது? இதயத் தசையின் ஓர் உயிரணு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீளம். ஓய்வில் அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 80, 90 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். சவ்வில் பதிந்துள்ள புரத வாயில்கள் திறந்து மூடுவதால் அயனிகள் உள்ளே வருகின்றன, வெளியே போகின்றன, அதுவே மின்துடிப்பு. இந்த வாயில்களில் சில, மின்னழுத்தத்துக்கோ மருந்துக்கோ காத்திராமல், சவ்வு இழுபட்டாலே திறந்துகொள்பவை. 1984இல் குகாரேயும் சாக்ஸும் கோழிக்குஞ்சின் தசையில் இத்தகைய வாயிலை நேரடியாக அளந்தார்கள். சில ஆண்டுகளில் எலியின் இதயத் தசையிலும் அது கண்டறியப்பட்டது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று வேற்றுமை பாராமல் நேர்மின் அயனிகளை விடுவதால், இது திறக்கும்போது உயிரணுவின் மின்னழுத்தம் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே உள்ள ஒரு நிலையை நோக்கி இழுக்கப்படுகிறது. விளைவு, எந்த நேரத்தில் இழுபட்டது என்பதைப் பொறுத்தது. ஓய்வில் இருக்கும்போது இழுபட்டால் மின்னழுத்தம் மேலே ஏறும். போதுமான அளவு ஏறினால் ஆணையில்லாமலே துடிப்பொன்று பிறக்கும். சுருக்கத்தின் உச்சத்தில் இழுபட்டால் அதே வாயில் மின்னழுத்தத்தைக் கீழே இறக்கி, துடிப்பைச் சீக்கிரம் முடித்துவைக்கும். மீளும் தறுவாயில் இழுபட்டால் சில இடங்கள் தயாராகவும் சில இடங்கள் தயாராகாமலும் இருக்க, மின் அலை சுழன்று சுழன்று வரும். ஒரே காரணத்துக்கு மூன்று விளைவுகள். அதனால்தான் பழைய மருத்துவர்களின் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தன. இழுபட்டால் திறக்கும் பொட்டாசிய வாயில்களும் உண்டு. அவற்றை ஆராய்ந்தவர்களில் முன்னோடி, பிரான்சின் நீஸ் நகருக்கு அருகே இயங்கிய லஸ்டுன்ஸ்கியின் குழு. தொடுகையை உணரும் பியெசோ புரதங்களைக் கண்டறிந்த பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தபோது இந்தத் துறை மறுபடி எல்லோர் கண்ணிலும் பட்டது. 2001இல் பாடெயும் சாக்ஸும் ஃபிரான்சும் டரான்டுலாச் சிலந்தி நஞ்சிலிருந்து எடுத்த ஒரு புரதத்துண்டால் இந்த வாயிலை அடைத்தார்கள். புடைக்கவைத்த முயல் மேலறையில் உதறல் குறைந்தது. இழுவை, வாயில், உதறல் என்ற மூன்றையும் ஒரே சங்கிலியில் கோத்துக் காட்டிய சோதனை அது.

இழுவையின் திடீர் வடிவம் அடி. அடியைப் பற்றிப் பேசினால் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் வருவது வர்மம்தான். 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடங்களைச் சொல்லும் அந்தக் கலை, மார்பின் நடுவிலுள்ள நேர்வர்மத்தை ஆபத்தான இடமாகக் கருதுகிறது. அடிபட்டு மயங்கியவனை இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்று கெடுவும் வைக்கிறது. சுசுருதரின் நூலும் 107 மர்மங்களில் இதயத்தை உடனே உயிர் போக்கும் வகையில் சேர்க்கிறது. புண்ணில்லாமல், எலும்பு முறியாமல், மார்பில் விழும் ஓர் அடி ஆளைக் கொல்லும் என்ற கவனிப்பு இந்த மரபுகளில் தெளிவாக இருக்கிறது. 1998இல் பாஸ்டனில் லிங்க்கும் சகாக்களும் இளம் பன்றிகளின் மார்பில் பேஸ்பால் அளவுள்ள மரப்பந்தை மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து பார்த்தார்கள். ஈ.சி.ஜி.யில், கீழறைகள் ஓய்வுக்கு மீள்வதைக் காட்டும் டி அலை உச்சத்தைத் தொடுவதற்கு 15 முதல் 30 மில்லிநொடி முன்பாகப் பட்ட 10 அடிகளில் 9, கீழறைகளை உடனே உதறவைத்தன. சற்று முன்பின்னாக விழுந்த அதே அடிகள் அப்படிச் செய்யவில்லை. மைதானத்தில் பந்து பட்டுச் சுருண்டு விழும் ஆரோக்கியமான சிறுவர்களின் சாவுக்கு, கொமோஷியோ கார்டிஸ் என்று மருத்துவம் பெயரிட்டிருந்த அந்தச் சாவுக்கு, விளக்கம் கிடைத்தது. அப்படியானால் இதை நம் ஆசான்கள் முன்பே அறிந்திருந்தார்கள் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பது என் முடிவு. வர்ம நூல்கள் இடத்தைச் சொல்கின்றன. சாவைத் தீர்மானித்தது இடத்தோடு அந்த மில்லிநொடிகளும் என்பது அவற்றில் இல்லை, இருக்கவும் முடியாது. அவை பேசுவது வாசி எனும் உயிர்க்காற்றின் ஓட்டத்தை. கவனிப்பு ஒன்றாக இருப்பதால் விளக்கமும் ஒன்று என்று ஆகிவிடாது. புதுச்சேரியில் 1955இல் பிரெஞ்சு நிறுவனத்தைத் தொடங்கிய ழான் ஃபிலியோசா கண் மருத்துவராக இருந்து இந்தியவியலுக்கு வந்தவர். இந்திய மருத்துவத்தின் வாயுக் கோட்பாட்டை 1949இல் வெளியான நூலில் கிரேக்கக் கோட்பாட்டோடு ஒப்பிட்டபோது, நூலை நூலோடு வைத்துப் படிக்கும் கட்டுப்பாட்டை அவர் விடவில்லை. வர்மத்துக்கும் அந்தக் கட்டுப்பாடு தேவை. உரிமை கொண்டாடும் அவசரத்தில் நாம் இழப்பது, நம் ஆசான்கள் உண்மையிலேயே எதைக் கண்டார்கள் என்ற செய்தியைத்தான். (இதைப் படித்துவிட்டு மயங்கி விழுந்தவரின் மார்பில் யாரும் குத்தவேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழைத்து, நடுமார்பை இரு கைகளாலும் தொடர்ந்து அழுத்துவதே இன்றைய முறை.)

ஒற்றை அடியைவிடப் பெரிய சாட்சி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இழுபடும் மேலறை. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. ஊரின் நடுவே, பூங்காவை ஒட்டியிருந்த பிரெஞ்சுப் பள்ளி 1956இல் இந்திய அரசின் மருத்துவக் கல்லூரியாகி, தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்று, கோரிமேட்டுக்குப் போய், 1964 ஜூலை 13இல் ஜிப்மர் ஆனது. இவ்வளவு மாறியும் வார்டுகளில் மாறாதிருந்தது பூயியோ சொன்ன அந்தக் காய்ச்சல். ஐரோப்பாவில் வீடுகள் அகன்று, நெரிசல் குறைந்து, பெனிசிலினும் வந்தபின் ருமாட்டிக் காய்ச்சல் ஏறக்குறைய மறைந்தது. இங்கே மறையவில்லை. கடலூர், விழுப்புரம் கிராமங்களிலிருந்து மூச்சுவாங்கலோடு வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு மிட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. இயல்பில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும் வாசல் ஒன்றரைக்கும் கீழே குறுகினால், இடது மேலறை தன் இரத்தத்தைத் தள்ளமுடியாமல் புடைக்கிறது. அதன் சுவர் இருபத்துநான்கு மணி நேரமும் இழுபட்டே கிடக்கிறது. பிறகு மேலறை உதறல், உறைந்த இரத்தக்கட்டி, பக்கவாதம். 1749இல் செனாக் சேர்த்துப் பேசிய அதே இரண்டும் கோரிமேட்டில் ஒரே படுக்கையில் கிடந்தன.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. உதறலுக்குக் காரணம் இழுவை என்று எப்படிச் சொல்வது? ருமாட்டிக் காய்ச்சல் வால்வை மட்டுமா தாக்குகிறது, மேலறைத் தசையையும் அழற்சியால் கெடுத்துத் தழும்பாக்குகிறதே? தழும்பு மின் அலையைத் தடுக்கும், அது போதாதா? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலிருந்தே விடை வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, மிட்ரல் சுருக்கம் உள்ளவர்களின் மேலறைகளைக் கம்பி செலுத்தி மின்வரைபடமாக எடுத்தார்கள். 2008இல் வெளியான முதல் ஆய்வில் தழும்புக்காரர்களின் வாதம் பாதி மெய்யானது: மின் அலை மெதுவாகப் போனது, மின்வீச்சு குறைந்தது, சில இடங்கள் மௌனமாகக் கிடந்தன. 2010இல் வந்த இரண்டாவது ஆய்வு, வால்வைப் பலூனால் திறந்தபின் என்ன ஆகிறது என்று பார்த்தது. மேலறை அழுத்தம் இறங்கியதும் மின் அலையின் வேகம் கூடியது. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது இன்னும் தேறியிருந்தது. தழும்பு ஒரு மணி நேரத்தில் ஆறாது. உடனே திரும்பிய பங்கு இழுவையின் பங்கு. பின்னால் மெல்லத் திரும்பியது, இழுவை நின்றபின் தசை தன்னைச் சீர்செய்துகொண்டதன் பங்கு. திரும்பாமலே நின்றதைத் தழும்பின் கணக்கில் எழுதலாம். நாள்பட உதறிய மேலறை வால்வு திறந்தபின்னும் பெரும்பாலும் தாளத்துக்குத் திரும்பாததற்கு அதுவே காரணம். இழுவை மட்டுமே காரணம் என்பது மிகை. இழுவைக்குப் பங்கே இல்லை என்பது தவறு.

இன்னொரு மறுப்பு வரலாற்றுக்காரர்களுடையது. புதுச்சேரிப் பள்ளி இந்தத் துறையில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பாரிசில் கண்டதைப் படித்து, காலனிகளுக்கு மருத்துவர்களை அனுப்பிய பள்ளி அது. அதை இந்தக் கதையில் இழுப்பது ஊர்ப்பாசம் என்று சொல்லலாம். கண்டுபிடிக்கவில்லை என்பது சரி. ஆனால் மருத்துவ வரலாறு ஆய்வகங்களின் வரலாறு மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு விந்தை விளங்காமல் போகும். 1909க்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் மேலறை உதறலை மின்சாரத்தின் பிழையாக மட்டும் ஆராய்ந்த நாடுகளில் வால்வுச் சுருக்கம் மெல்ல மெல்ல அரிதாகிக்கொண்டிருந்தது. புடைத்த மேலறைகள் நிறைந்த வார்டுகள் இருந்த நாடுகளில் மின்வரைபடம் எடுக்கும் ஆய்வகம் இல்லை. கேள்வியும் கருவியும் வெவ்வேறு கரைகளில் கிடந்தன. 1982இல் ஜப்பானியரான இனோவே பலூனால் மிட்ரல் வால்வைத் திறந்தது, இரண்டையும் சேர்க்கும் பாலமானது. மார்பைப் பிளக்காமல், காலின் சிரை வழியாகப் போய் ஒரே அமர்வில் அழுத்தத்தைக் குறைக்க முடிந்தபோதுதான், மனிதரில் இழுவையை நீக்கி அதற்கு முன்னும் பின்னும் மின்சாரத்தை அளக்கும் சோதனை சாத்தியமானது. அந்தச் சிகிச்சை நிறைய நடந்த இடங்களில் புதுச்சேரியும் வேலூரும் உண்டு. சோதனைக்கான இதயங்களை நோய்தான் இங்கே வைத்திருந்தது என்பது பெருமைப்படத்தக்க காரணம் இல்லை. ஆனாலும் உண்மைக் காரணம் அதுதான்.

உலகில் இன்றும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் ருமாட்டிக் இதயநோயோடு வாழ்கிறார்கள். அதில் பெரும்பங்கு இந்தியா போன்ற நாடுகளில். இழுவையின் வாயிலை அடைக்கும் மருந்து வார்டுக்கு இன்னும் வரவில்லை. மேலறை இழுபடாமல் காக்கும் மருந்து மட்டும் வந்து 70 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால், அல்லது மூட்டு மூட்டாக மாறி மாறி வீங்கினால், கஷாயத்தோடு நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லி 21 நாளுக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், பிள்ளை நன்றாக ஓடியாடுகிறது என்பதற்காக அதை நடுவில் விட்டுவிடாதீர்கள்.